மேரி சோத்துக்கை

செஞ்சியில் இருதயமேரியிடம் வழி கேட்டவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். சோத்துக்கைப் பக்கம் திரும்பு என்பாள். ஊரெல்லாம் வலது கையைச் சோத்துக்கை என்று சொல்ல, அவளோ இடது கையால் சாப்பிடுகிறவள். எந்தக் கையால் சோறு தின்கிறேனோ அதுதானே எனக்குச் சோத்துக்கை என்பது அவள் நியாயம். அந்த நியாயம் தெரியாமல் வண்டியைத் திருப்பியவர்கள் கோட்டை அடிவாரம் வரைக்கும் போய், குரங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அவள் எதையாவது எடுக்கச் சொன்னால், கொத்தனார் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஆரோக்கியநாதன் இருந்த இடத்திலிருந்தே கேட்பார்: "மேரி சோத்துக்கையா, ஊரு சோத்துக்கையா?"

"எங்கிட்ட ஏது ஊரு சோத்துக்கை?" என்பாள் அவள்.

மூன்றாம் வகுப்பில் இடது கையால் எழுதியதற்காக அவளைச் சரளைக்கல்லில் முட்டி போட வைத்தார்கள். சில நாள் பொறுத்தாள். பிறகு பலப்பத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தக் கையிலிருந்து வந்த எழுத்துகள் மழையில் நனைந்த கோழிகள் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூடத்தோடு அவள் உறவும் அவ்வளவில் முடிந்தது. ஆனால் மதியம் தட்டு வந்ததும் இடது கைதான் இறங்கியது. எழுத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தாள், சோற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணமாகி வந்த பிறகு மீன் விற்க ஆரம்பித்தாள். புதுச்சேரியிலிருந்து வந்து மார்க்கெட்டில் இறங்கும் மீனை எடுத்து, எக்செல் மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு சிங்கவரம், அனந்தபுரம், தளவானூர் என்று போவாள். தளவானூரில் சுந்தராம்பாள் என்று ஒரு வாடிக்கைக்காரி.

"காலங்காத்தால மொத போணி. சோத்துக்கையால குடு மேரி" என்பாள்.

"சோத்துக்கையாலதான் குடுக்கறேன்" என்று இருதயமேரி இடது கையை நீட்டுவாள்.

சுந்தராம்பாள் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவாள். அவ்வளவு நல்ல சங்கரா மீன் வேறு யாரும் கொண்டுவருவதில்லை.

முட்டி வலி வந்தபோதும் அவள் முதலில் அதை மதிக்கவில்லை. வண்டி ஓடும்போது வலி இருக்காது. நிறுத்தும்போதுதான். இடது காலை ஊன்றியதும் வண்டி, பெட்டி, ஐஸ், மீன் எல்லாம் அந்த ஒரு முட்டியின் மேல் வந்து இறங்கும். வலது காலை ஊன்றினால் என்ன என்று கேட்டவர்களிடம், ரோட்டுப் பக்கம் காலை நீட்டினால் பஸ்காரன் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றாள். போன ஆடியில் சிங்கவரத்துக்கு வெளியே ஒரு மாட்டு மந்தைக்காக நிறுத்தியபோது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. வண்டி ஒருபுறம், அவள் ஒருபுறம். நெத்திலிகள் தார்ரோடு முழுக்கச் சிதறி, பகலில் விழுந்த நட்சத்திரங்கள் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தன. மாடுகள் மிதிக்காமல் ஒதுங்கிப் போனதை அவள் படுத்தபடியே பார்த்தாள்.

அன்றிலிருந்து வண்டி கூரைக்குக் கீழே கோணி போர்த்திக்கொண்டு நின்றது. அவள் போகும் ஊர்களுக்கெல்லாம் ஒருவன் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு மீன் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டான் என்று செய்தி வந்தது. சுந்தராம்பாள்கூட அவனிடம் வாங்குகிறாளாம். அவன் வலது கைக்காரனாம்.

பங்குனி பிறப்பதற்கு முன்னால், திருவண்ணாமலை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஒரு முட்டி முகாம் போட்டார்கள். நடத்தியது புதுச்சேரிப் பக்கத்து ஆஸ்பத்திரி. வாசலில் பெரிய பேனர். அதில் ரோபோ என்று ஒரு படம் போட்டிருந்தது. தலையில்லை, காலில்லை, உடம்பில்லை. வெள்ளைவெளேரென்று ஒரே ஒரு கை.

"இது எந்தக் கை?" என்று கேட்டாள் இருதயமேரி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் மகன் வின்சென்ட், கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்சினான். அது எலும்பை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டுமாம். முதலில் படம் எடுத்து, எங்கே எவ்வளவு வெட்டுவது என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்களாம். பிறகு டாக்டரே தவறிப்போய்க் கையை நகர்த்தினாலும் அந்தக் கை நகராதாம். கோட்டைத் தாண்டாதாம். இதையெல்லாம் அவன் ஒரு மாதமாகக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கம்மாவுக்கு ரோபோ என்று சொல்லும்போது அவன் முகத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவனின் களை இருந்தது.

உள்ளே கூட்டம். ஆரோக்கியநாதன் டீ குடிக்கப் போயிருந்தார். வின்சென்டுக்குப் போன் வந்துவிட்டது. மஞ்சு என்ற நர்ஸ், சிறு பெண், வருகிறவர்களிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். லெஃப்ட், ரைட் என்றால் கிராமத்து ஜனங்கள் குழம்பிவிடுகிறார்கள் என்று அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அன்பாகத்தான் கேட்டாள்:

"எந்தக் காலும்மா நோவுது? சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"சோத்துக்கைப் பக்கம்" என்றாள் இருதயமேரி.

இத்தனை நாளாக யாரும் அவளிடம் இவ்வளவு சரியாகக் கேள்வி கேட்டதில்லை.

ஒரு இளம் டாக்டர் இரண்டு முட்டியையும் அமுக்கிப் பார்த்தார். இரண்டுமே வலித்தன. எக்ஸ்ரேயில் வலது முட்டிதான் அதிகம் தேய்ந்திருந்தது. சொன்னதற்கும் படத்துக்கும் பொருந்திப் போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு வெள்ளை வளையத்துக்குள் படுத்து, இரண்டு காலையும் சேர்த்து ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தாள். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

தேதிக்குப் பத்து நாள் இருக்கையில் வின்சென்டின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார்கள். கறுப்பு வானத்தில் ஏதோ ஒரு கிரகம் போல அவள் எலும்பு மெல்லச் சுழன்றது. அதன் குறுக்கே பச்சைக் கோடுகள் வந்து விழுந்தன. தன்னுடைய எலும்பு இவ்வளவு அழகாக இருக்கும் என்று இருதயமேரி நினைத்ததில்லை. தோலுக்குள்ளே இத்தனை வருஷம் இதைத் தூக்கிக்கொண்டா மீன் விற்றோம் என்று இருந்தது.

மூலையிலிருந்த எழுத்தை வின்சென்ட் படித்தான். "ரைட் நீ, ரைட் முட்டி. பிளான் ஓகே."

"ரைட்டா?" என்றார் ஆரோக்கியநாதன். "இன்னாடா ரைட்டு? நோவுறது இன்னொரு காலாச்சே."

 போனில் எலும்பு சுழன்றுகொண்டே இருந்தது. முகாமில் யார் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வின்சென்ட் தலையில் கைவைத்தான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். அங்கே பேசியவர் பொறுமையாகவே விளக்கினார். படத்தில் மோசமாக இருப்பது வலதுதான். வயதானவர்களுக்கு ஒரு காலின் வலி இன்னொரு காலில் இருப்பது போலத் தெரியும். மாற்றினால் திட்டத்தை முதலிலிருந்து போட வேண்டும், தேதி போய்விடும். எதற்கும் சனிக்கிழமை டாக்டர் செஞ்சிக்கு வருவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

போனை வைத்துவிட்டு வின்சென்ட் ஆஸ்பத்திரி பக்கம் சேர்ந்துகொண்டான்.

"எம்மா, ரெண்டும் தேஞ்சிதான் இருக்குது. இது மொதல்ல ஆவட்டும். அது அடுத்த வருசம் பாத்துக்கலாம். மெஷினுக்குத் தெரியாததா உனுக்குத் தெரியப்போவுது?"

"மெஷினா எக்செல்ல குந்திக்கினு மீன் வித்துது?"

"அது அரை மில்லிகூடத் தப்பாதும்மா."

"தப்பாதுடா. அதான் பயமா இருக்குது."

ஆரோக்கியநாதன் சமாதானத்துக்கு வந்தார். அவருக்கு ஆஸ்பத்திரிக்காரர்களோடு வம்பு வேண்டாம். படித்தவர்கள் சொன்னால் காரணம் இருக்கும். இரண்டில் ஒன்று நேரானாலும் நேரானதுதானே. கடைசியில், சொல்லாமல் விட்டிருக்க வேண்டியதையும் சொன்னார்:

"ஒரு தபா, அந்தப் பொண்ணுகிட்ட ஊரு மாரி சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா மேரி?"

 தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். எதிரே மலையின் பாறைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு ராட்சசன் மூட்டை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, எப்போது வேண்டுமானாலும் உருளும் போல, ஆனால் ஒருநாளும் உருளாத பாறைகள். அவள் தன் இடது கையைப் பார்த்தாள். மீன் செதில் ஏறி, கத்தி பட்ட தழும்புகளோடு அது சும்மா கிடந்தது. ஒரு சொல்லுக்காக நல்ல முட்டியைக் கொடுக்கப் போகிறோமா என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது. சொன்னது அவள்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் சோத்துக்கைப் பக்கமா என்றுதானே கேட்டாள்? ஊருடைய சோத்துக்கையைக் கேட்கவில்லையே. கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அவள் முடிவெடுத்திருந்தாள். வலிக்காத காலில் கத்தி வைக்க விடுவதில்லை. தேதி போனால் போகட்டும். ஹாரன்காரன் தளவானூரையே எழுதி வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை கோணியை உருவிப் போட்டுவிட்டு அவளே வண்டியை எடுத்தாள். ஆரோக்கியநாதன் பின்னால் உட்கார்ந்து, நிறுத்த வேண்டிய இடங்களிலெல்லாம் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு வந்தார். வின்சென்ட் பைக்கில் பின்தொடர்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் சாவுக்குப் போகிறவன் மாதிரி இருந்தது.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் ராஜாராம் ஐம்பது வயதுக்காரர். சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். மஞ்சு உதவிக்கு நின்றாள். இருதயமேரி நடந்ததைச் சொன்னாள். சோத்துக்கை கதையைக் கேட்டு மஞ்சுவின் முகம் வெளுத்துப்போனது. டாக்டர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். வலது முட்டியில் இரண்டு எலும்பும் ஒட்டிக்கொண்டிருப்பதையும், இடதில் இன்னும் கொஞ்சம் இடைவெளி இருப்பதையும் காட்டினார். இந்தக் கருவியின் அளவு எவ்வளவு நுணுக்கமானது, கையால் வெட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் அக்கறையோடுதான் சொன்னார்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எங்க தெருவுல மூணு இருதயமேரி சார். கேஸ் கொண்டாற பையன் தெரு தப்ப மாட்டான், நேரம் தப்ப மாட்டான், கதவு இடுக்குல ஒரு கீறல் படாம சிலிண்டர எறக்கி வெச்சிட்டுப் போவான். எறக்கறது வேற இருதயமேரி ஊட்டுல."

மஞ்சு சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பாப் போச்சு. ஒத்துக்கறேன்" என்றாள் இருதயமேரி. "அதுக்காவ நோவாத கால வெட்டச் சொல்லி ஒத்துக்க மாட்டேன். வெளிய வா சார். வண்டி நிக்குது."

வின்சென்ட் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு நடந்தாள். டாக்டர் ஒரு கணம் நாற்காலியிலேயே இருந்தார். காத்திருப்பவர்களின் கூட்டம் கதவுவரை நின்றது. பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து பின்னாலேயே வந்தார். மருந்துக்கடை வாசலில் சீட்டு வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

இருதயமேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, டாக்டர் எதிரே நிறுத்தி, முதலில் வலது காலை ஊன்றினாள். நின்றது. மறுபடி ஒரு சுற்று. இந்தமுறை இடது காலை ஊன்றினாள். முட்டி பக்கவாட்டில் நழுவியது. வண்டியோடு அவள் சாய, வின்சென்டும் ஆரோக்கியநாதனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். வலியில் அவள் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அதைத் துடைக்காமலேயே டாக்டரைப் பார்த்தாள்.

அவர் உள்ளே திரும்பினார். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து இடது முட்டியை மடக்கி நீட்டினார். பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். முட்டிச்சில்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, வயிற்றுப் பிள்ளையின் அசைவைக் கவனிப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டருக்குப் போய் ஸ்கேனைத் திறந்தார். இரண்டு காலும் அதில் இருந்தன. ரைட் என்று எழுதிவந்ததால் இடது காலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் இப்போதுதான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னால் நின்று எடுத்த எக்ஸ்ரேயில் தெரியாத இடத்தில், முட்டிச்சில்லுக்குப் பின்னால், எலும்பு எலும்போடு உரசிப் பள்ளமாகியிருந்தது.

"இதுதான்" என்றார் மெதுவாக. "இத நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

திட்டத்தை முழுக்க மாற்ற வேண்டும் என்றார். தேதி ஒரு மாதம் தள்ளும். வலது முட்டியும் என்றைக்காவது தொந்தரவு கொடுக்கத்தான் செய்யும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். எழுந்து நின்றபோது அவர் ஒன்று கேட்டுக்கொண்டார்:

"ஆஸ்பத்திரியில இன்னும் பத்துப் பேர் உங்ககிட்ட எந்தக் கால்னு கேப்பாங்க. அப்போ லெஃப்ட்னு சொல்லிடுங்கம்மா. சோத்துக்கைன்னு சொல்லாதீங்க."

"சொல்லுவேன் சார்" என்றாள் அவள். "சொல்லிட்டுக் கை வெச்சும் காட்டுவேன். மூணாவது படிக்கிறப்பவே இந்தக் கைக்கான அபராதத்த முட்டி போட்டுக் கட்டி முடிச்சிட்டேன்."

ஆரோக்கியநாதன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில் பின்னால் உட்கார்ந்து ஒருமுறை மட்டும் அவள் தோளைத் தட்டினார். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கியை மாட்டி அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். டாக்டர் ராஜாராம் கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு காலில் அடையாளம் போட வந்தார்.

"குடு சார். நான் போடறேன்."

அவர் மஞ்சுவைப் பார்த்தார். மஞ்சு சிரித்தாள். பேனா கை மாறியது.

இருதயமேரி அதை இடது கையில் பிடித்தாள். சரளைக்கல்லுக்குப் பிறகு அந்தக் கை ஒரு எழுத்தும் எழுதியதில்லை. எப்படிப் பிடிப்பது என்று விரல்களுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தாள். விரல்கள் நெடுநாள் காத்திருந்தவை போலப் பேனாவைச் சுற்றிக்கொண்டன. இடது முட்டிக்கு மேலே, கோணல்மாணலாக, இரண்டு எழுத்து எழுதினாள்: இது. இரண்டும் ஒடுங்கவில்லை, தொடையின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. டாக்டர் அதற்குக் கீழே சின்னதாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு கரைந்துபோனது. மார்புக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கை மெல்ல நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. அவள் அதைப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். தெரியவில்லை. காலில் உணர்ச்சியே இல்லாததால், எந்தக் காலைத் தொடுகிறார்கள் என்றும் தெரியவில்லை.

"மஞ்சு."

"இன்னாம்மா?"

"எந்தக் காலு?"

மஞ்சு துணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மருந்து பூசிய தொடையில் எழுத்து அழியாமல் இருந்தது. குனிந்து அவள் காதருகே சொன்னாள்:

"மேரி சோத்துக்கைப் பக்கம்."

இருதயமேரி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அப்ப வெட்டச் சொல்லு."